சத்தமில்லாத ஊருக்குப் போன கதை

தன் பேச்சைத் தானே நம்பிவிடுகிறவனுக்கு வெளியிலிருந்து பகையாளி தேவையில்லை. இதை நான் நீதிநூல் எதிலும் படித்துச் சொல்லவில்லை. மேலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளுக்குக் கீழே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டபோது என் இரண்டு காதும் அடைத்திருந்தன.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியர், எல்லோருக்கும் 'தமிழய்யா'. அந்தக் காலத்துத் தமிழய்யாக்களுக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, இலக்கணம் நடத்துவது. இன்னொன்று, ஆண்டுவிழா வந்தால் பட்டிமன்றம் பேசுவது. முதல் வேலையில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பதால் இரண்டாவதில்தான் நாங்கள் உயிரைக் கொடுப்போம். அந்த வருடத்துத் தலைப்பு, 'விடுமுறையை நிம்மதியாகக் கழிக்க ஏற்றது நகரமா, கிராமமா?' சீட்டுக் குலுக்கினார்கள். எனக்குக் கிராமம் விழுந்தது.

நான் பிறந்தது, வளர்ந்தது, படித்தது, தாலி கட்டியது எல்லாம் மதுரை டவுனுக்குள்தான். கிராமம் என்றால், திருப்பரங்குன்றம் மலைமேல் ஏறி நின்று பார்க்கும்போது தூரத்தில் பச்சையாகத் தெரிகிறதே, அதுதான் எனக்குக் கிராமம். (அந்தப் பச்சையில் பாதி கருவேலங்காடு என்று பிறகு விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.) ஒரு ராத்திரிகூட நான் எந்தக் கிராமத்திலும் தங்கியது கிடையாது. ஆனால் மேடைப் பேச்சுக்கு அனுபவம் எதற்கு? தொண்டை போதும்.

"நடுவர் அவர்களே, அங்கே குயில் எழுப்புகிறது, இங்கே குப்பை லாரி எழுப்புகிறது. அங்கே நாற்றும் காற்றும் பேசிக்கொள்கின்றன, இங்கே கண்டக்டரும் பயணியும் பேசிக்கொள்கிறார்கள்" என்று வெளுத்து வாங்கினேன். பின் வரிசையில் விசில் பறந்தது. கிராமமே என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். தலைமையாசிரியர் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். துண்டு மறுநாளே வீட்டில் தலை துவட்டப் போய்விட்டது. பேச்சு மட்டும் என் மண்டையைவிட்டு இறங்கவில்லை. கைதட்டு வாங்கிய பொய்க்கு ஒரு குணம் உண்டு. வீடு வந்து சேர்வதற்குள் அது உண்மையாகிவிடும்.

அந்தப் பங்குனியில் எங்கள் வீட்டில் ஒரு துக்கம் நடந்தது. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து என் மனைவி தனத்துக்கு உண்டான பிள்ளை, ஆறாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். போகும்போதும் இரண்டு பேர்தான், வரும்போதும் இரண்டு பேர்தான். ஆனாலும் வண்டியில் இடம் நிறைய இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

நாங்கள் குடியிருந்தது காம்பவுண்டு வீடு. ஒரு வாசல், ஒரு தண்ணீர்க் குழாய், வரிசையாகக் குடித்தனங்கள். சுவர்கள் பேருக்குத்தான். அடுத்த வீட்டில் வத்தல் வறுத்தால் நாங்கள் தும்முவோம், நாங்கள் தும்மினால் அதற்கு அடுத்த வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள். காம்பவுண்டுப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "அழாதத்தா. அடுத்த வருசம் இந்நேரம் தொட்டில் கட்டிருவ" என்றார்கள். தனம் அழவில்லை. ஒரு சொட்டுக்கூட விடவில்லை. "தைரியமான பொண்ணு" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. (பெருமைப்பட வேறு விஷயமே கிடைக்கவில்லை பாருங்கள்.)

அவள் சோறு வடித்தாள், துணி துவைத்தாள், குழாயடியில் முறைக்கு நின்றாள். எதைக் கேட்டாலும் 'ம்' என்றாள். சாப்பிட்டாயா என்றால் 'ம்'. தூங்கவில்லையா என்றால் அதற்கும் 'ம்'. பங்குனி போய்ச் சித்திரை பிறந்தும் அந்த ஒற்றை எழுத்தைத் தாண்டி அவள் வரவில்லை. வீட்டில் ஒரு ஆள் இருந்தும் ஆள் இல்லாத மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. இவள் இப்படியே இருந்துவிடுவாளோ என்ற பயம்.

டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். "உடம்பு தேறிருச்சு சார். மனசுதான் இன்னும் வரல. லீவுதான வருது, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. வேற இடம், வேற காத்து. கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எங்க போகலாம் தனம்?"

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். "மெட்ராஸ் போவமா? சித்தி வீட்டுக்கு. அங்கயிருந்து கடக்கரைக்கு நடந்தே போயிரலாம்னு சித்தி சொல்லும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடல் ரொம்பச் சத்தமா இருக்குமாமே?" என்றாள்.

இத்தனை நாளில் அவள் சேர்ந்தாற்போலப் பேசிய முதல் பேச்சு அது. புத்தியுள்ள கணவன் என்ன செய்திருப்பான்? அந்த நிமிடமே சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் டிக்கெட் வாங்கப் போயிருப்பான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"சத்தம்தான வேண்டாம்கறது. மெட்ராஸ்ல என்ன இருக்கு? தண்ணிக்கு லாரி பின்னால ஓடணும். ரோட்டைக் கடக்கணும்னா ஒரு நாள் ஆகும். பக்கத்து வீட்டுல யாரு இருக்கான்னு இவனுக்குத் தெரியாது, இவன் யாருன்னு அவனுக்குத் தெரியாது. ஒருத்தனும் ஒருத்தனை விசாரிக்க மாட்டான்."

"அதான் நல்லதுன்னு பாத்தேன்" என்றாள் தனம், மெதுவாக.

அதை நான் கேட்டேன். கேட்டும் காதில் வாங்கவில்லை. நான் அதற்குள் அடுத்த பாயிண்டுக்குப் போயிருந்தேன். குயில் வந்தது, நாற்று வந்தது, காற்று வந்தது. 'நடுவர் அவர்களே' என்று மட்டும்தான் சொல்லவில்லை. அது ஒரு தடவை நாக்கு நுனிவரை வந்து போனது.

"சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லி அவள் மறுபடி கத்தரிக்காயை எடுத்தாள். எதிரணி இப்படிச் சரிந்தால் மேடையில் கைதட்டுவார்கள். அடுப்படியில் யாரும் தட்டவில்லை.

எங்கள் பள்ளியில் மலைச்சாமி என்று ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். அவருடையது மேலூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் போகவேண்டிய ஊர். (ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். அவருடைய சொந்தபந்தம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, எனக்கும் அங்கே கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது.) மைதானத்தில் அவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை போன விஷயத்தைச் சொல்லவில்லை. வீட்டில் கொஞ்சம் உடம்பு சரியில்லை, ஓய்வு வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"தாராளமா வாங்க தமிழய்யா. எங்கண்ணன் வீடு பெருசாக் கிடக்கு. ஆனா இப்ப ஊர்ல ஆத்தாவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

நான் விட்டால்தானே. "ஆத்தா எல்லா ஊர்லயும் இருக்கா மாஸ்டர். எனக்கு வேண்டியது அமைதி. உங்க ஊர் அமைதியோட அருமை உங்களுக்குத் தெரியாது" என்று பிடித்துக்கொண்டேன். அவர் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அவருக்கே வெயிலில் நிற்கவைத்து விளக்கினேன். பையன்கள் பந்தை விட்டுவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மலைச்சாமி இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். கடைசியில், "அப்ப வார செவ்வாக்கெழம வந்துருங்க. நல்ல நாளு. ஊரே ஜேஜேன்னு இருக்கும்" என்றார்.

அந்த 'ஜேஜே'யை நான் உபசார வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாங்கள் போய் இறங்கியபோது ஊர் நிஜமாகவே அமைதியாகத்தான் இருந்தது. கண்மாய் வற்றிக் கிடந்தது. அறுப்பு முடிந்த வயலில் இரண்டு மாடு. எங்களைப் பார்த்துக் குரைக்க வந்த நாய்கூட வெயிலுக்குப் பயந்து திரும்பிப் போய்விட்டது. "பாத்தியா தனம்?" என்றேன், ஊரையே நான் கட்டிவைத்த மாதிரி. 'ம்' என்றாள்.

மலைச்சாமியின் மதினி பேச்சியம்மா எங்களை வரவேற்று உள்ளறையைக் கொடுத்தார். நெடுநெடுவென்று உயரம், குரல் மட்டும் தாழ்ந்த குரல். அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பெரிய வேப்பமரம். "வேப்பமரக் காத்து உடம்புக்கு மருந்து, தெரியுமா?" என்று நான் தனத்துக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் தோளில் கயிற்றோடு அந்த மரத்தில் ஏறினான். கீழே நின்ற இன்னொரு ஆள் தாமரைப்பூ அளவில் ஒன்றும் அண்டா அளவில் ஒன்றுமாக இரண்டு தகரக் குழாய்களை மேலே அனுப்பினான். அண்டா எங்கள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தது.

"என்ன மாஸ்டர் இது?" என்று வாசலில் நின்ற மலைச்சாமியைக் கேட்டேன்.

"மைக் செட்டு, தமிழய்யா. சாயங்காலம் மாரியாத்தாவுக்குக் காப்புக் கட்டுறோம்ல. அடுத்த செவ்வா வரைக்கும் திருவிழா. விருந்தாளி வந்திருக்காகன்னு சொல்லி வீட்டுக்கு நேரா கட்டச் சொன்னேன். உங்களுக்குத் தெளிவாக் கேக்கும்."

தெளிவாகத்தான் கேட்டது. சாயங்காலம் கொட்டு முழங்க, பூசாரி மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார். கூட்டத்தோடு நின்று நானும் கும்பிட்டேன். அந்தக் கும்பிடு என் தலையில் என்ன எழுதியது என்று எனக்குத் தெரியாது. கொட்டு நின்றதும் குழாய் பிடித்துக்கொண்டது. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, மறுபடி சாமி பாட்டு. நடுநடுவே காணாமல்போன ஆட்டைப் பற்றி ஓர் அறிவிப்பு. கட்டில் அதிர்ந்தது. செம்பில் இருந்த தண்ணீர் நடுங்கியது. தனம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பேசிய பட்டிமன்றப் பேச்சின் ஒவ்வொரு வரியும் எனக்கு ஞாபகம் வந்தது.

விடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைச்சாமியிடம் போனேன். "மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. நாங்க கிளம்புறோம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "காப்புக் கட்டும்போது ஊருக்குள்ள இருந்துட்டீகளே தமிழய்யா. இனி அடுத்த செவ்வா சாமி மலையேறுற வரைக்கும் வெளியூர்ல போய் ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணாலும் போங்க. விளக்கு வைக்க ஊருக்குள்ள வந்துரணும்."

"நாங்க விருந்தாளிங்கதான?"

"காப்புக்கு வீட்டாளு என்ன, விருந்தாளி என்ன. நேத்து காப்புக்கு முந்தி கிளம்பியிருந்தா ஒண்ணுமில்ல. அதச் சொல்லத்தான் அன்னைக்கு ஸ்கூல்ல வாயெடுத்தேன்."

"மீறிப் போனா என்ன ஆகும்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் ஊர்ல ஒரு மாடு செத்தாலும், ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டாலும், இந்த வீட்டு விருந்தாளி காப்பு மீறுனதாலதான்னு சொல்வாக. எங்கண்ணனும் மதினியும் இங்கதான குடியிருக்கணும்."

இதற்குப் பதில் சொல்ல எந்த அணியிலும் பாயிண்ட் கிடையாது. பெட்டியை உள்ளே வைத்தேன்.

பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. திருவிழாவுக்கு வருகிறவர்கள், போகிறவர்கள், முளைப்பாரிக்கு வித்துப் போடுகிற பெண்கள் எல்லோரும் மதுரைக்காரியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே. "எத்தன பிள்ளைக?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி கேட்டார்கள். "இல்ல" என்பாள் தனம். "கல்யாணமாகி எம்புட்டு நாளாச்சு?" என்று அடுத்தது வரும். அதற்கும் சொல்வாள். "டாக்டர்கிட்டப் பாத்தீகளா?" என்பார்கள். பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் போய்விட்டால், காதருகே குனிந்து இன்னும் சத்தமாகக் கேட்பார்கள்.

ஒருத்தனும் ஒருத்தனை விசாரிக்காத ஊரை 'அதான் நல்லது' என்று அவள் ஏன் சொன்னாள் என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. நான் குறையாகச் சொன்னதைத்தான் அவள் மருந்தாகக் கேட்டிருக்கிறாள். இரண்டு நாளில் அவள் அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாடு அப்படியே திரும்பிப் போயிற்று. இருந்த 'ம்'மும் நின்றுவிட்டது. அவளைத் தேற்றக் கூட்டி வந்த நானே இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டேன்.

இனி திருட்டுத்தனம்தான் வழி என்று முடிவு செய்தேன். பெட்டியை விட்டுவிட்டு, ஒரு ஒயர்க் கூடையில் இரண்டு சேலை, ஒரு வேட்டியை அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன். பகலில் மேலூர் போவது போலப் போய், அப்படியே மதுரை பஸ்ஸைப் பிடித்துவிடுவது. மலைச்சாமிக்கு என்ன ஆகும் என்பதைப் பஸ்ஸில் ஏறிய பிறகு யோசித்துக்கொள்ளலாம். (நான் அவ்வளவு நல்லவனில்லை.) தனத்தைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கிற புளியமரத்தடிக்குப் போனேன். அங்கே பாதி ஊர் உட்கார்ந்திருந்தது.

"எங்க தமிழய்யா, வீட்டம்மாவோட?"

"மேலூர் வரைக்கும். தலைவலி மாத்திரை வாங்கணும்."

"அதுக்கு எதுக்கு மேலூரு? இந்தாங்க" என்று ஒருவர் மடியிலிருந்து மாத்திரையை எடுத்தார்.

"இல்ல, இவங்களுக்குத் தைலமும் வேணும்."

"தைலம் நம்ம வீட்டுல இருக்குண்ணே. எடுத்துட்டு வாரேன்" என்று ஒருவர் எழுந்து ஓடினார்.

"இங்க்... பேனாவுக்கு இங்க் தீந்துபோச்சு."

"நம்ம கணக்குப்பிள்ளை வீட்டுல ஒரு புட்டி கிடக்கு. வாங்கித் தாரேன்."

நான் சொன்னதெல்லாம் வந்து சேர்ந்தது. கேட்டது கிடைக்கிற ஊர் என்று பட்டிமன்றத்தில் பேச எனக்குத் தோன்றாமல் போனது எப்படியோ. பஸ் வந்தபோது என் கையில் மாத்திரை, தைலம், இங்க் புட்டி மூன்றும் இருந்தன, மேலூர் போக ஒரு காரணமும் இல்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறலையாண்ணே?" என்றார். அவர் மணிக்கட்டிலும் மஞ்சள் காப்புக் கயிறு தெரிந்தது. துண்டு விலகி, கூடையிலிருந்து தனத்தின் சேலை வேறு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் அதை எடுத்து உள்ளே செருகிவிட்டார். தனம் திரும்பி நடந்தாள். பின்னால் நான் நடந்தேன்.

மிச்சம் இருந்தது ஊர் அம்பலகாரர் ஒருவர்தான். ஊருக்கே பெரியவர். அவர் சொன்னால் காப்புக்கு ஒரு வழி பிறக்கலாம். கோயில் முன்னால் பந்தல் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தவரைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறாம் மாதத்தில் போன பிள்ளை, தனத்தின் மௌனம், டாக்டரம்மா சொன்னது, 'எத்தன பிள்ளைக' என்ற கேள்வி, அவள் சாப்பிடாதது. இவ்வளவையும் நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அம்பலகாரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா தமிழய்யா? காப்பை என்னால மாத்த முடியாது. ஆனா ஊருன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? நான் பாத்துக்கிறேன், நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் போனார்.

நான் அவர் ஏதோ பூசாரியிடம் பேசப் போகிறார் என்று நினைத்தேன். பாட்டு நின்றது. குழாயில் இருமல் கேட்டது. அதன் பிறகு அம்பலகாரரின் குரல் வேப்பமரத்திலிருந்து வந்தது.

"ஊர்ப் பொதுமக்களுக்கு ஒரு அறிவிப்பு. நம்ம மலைச்சாமி வாத்தியாரு அண்ணன் வீட்டுக்கு மதுரையிலருந்து வந்திருக்க தமிழய்யா சம்சாரத்துக்கு, ஆறாம் மாசத்துல பிள்ள தங்காமப் போச்சு. அந்தப் பொண்ணு அதுலருந்து வாய் திறந்து பேசாம இருக்குது. முளைப்பாரி போட்ட பொம்பளைக அம்புட்டுப் பேரும் அதுக்காக ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிவைங்க. இன்னொண்ணு. இனிமே ஒருத்தரும் அந்தப் பொண்ணுகிட்டப் போயி, பிள்ளைக எத்தனன்னு கேக்கக் கூடாது."

அறிவிப்பு என்றால் இரண்டு தடவை சொல்வது வழக்கம். இரண்டாவது தடவை இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். காற்று நன்றாக இருந்தால் அந்தக் குழாய்ச் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்கும். அன்று காற்று நன்றாக இருந்தது.

காம்பவுண்டுக்குள்ளேயே மறைத்து வைக்க அவள் பாடுபட்ட துக்கத்தை நான் மூன்று ஊருக்கு ஒலிபரப்பிவிட்டேன். பந்தலில் நின்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பூமி பிளக்கவில்லை. (இந்த மாதிரி நேரத்தில் அது பிளந்ததாகச் சரித்திரமே இல்லை.) பாட்டு மறுபடி முழுச் சத்தத்தில் தொடங்கியது. நான் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

உள்ளறை வாசலில் பேச்சியம்மா நின்றிருந்தார். கையை நீட்டி என்னைத் தடுத்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். தனம் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மார்பில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பாட்டுத்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தி அழுகிறாள் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்போது பாட்டு முடிந்தது. அடுத்த இசைத்தட்டை மாற்றுகிற இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் குரல் கேட்டது. அது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தமிழ் போதாது. தன் குரல் தனக்கே கேட்டதும் தனம் சட்டென்று முந்தானையை வாயில் வைத்து அடைத்தாள்.

பேச்சியம்மா ஒரே எட்டில் ஜன்னலுக்குப் போனார். இத்தனை நாளும் தாழ்ந்திருந்த அந்தக் குரல் தெருவுக்கே கேட்டது. "டேய் மைக் செட்டு, பாட்டை நிப்பாட்டாதடா. போடு."

பாட்டு வந்தது. முந்தானை வாயை விட்டு இறங்கியது.

அன்று விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவள் அழுதாள். அதுவரை அந்த ஊரில் பாட்டு ஒரு நிமிடம் நிற்கவில்லை. நான் வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நானும் கொஞ்சம் அழுதேன், அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அவள் எழுந்து முகம் கழுவிவிட்டு, "கொஞ்சம் கூழ் இருக்குமா மதினி?" என்று பேச்சியம்மாவைக் கேட்டாள்.

மிச்சமிருந்த நாட்களில் யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெண்கள் வந்தார்கள், பூக் கட்டினார்கள், போனார்கள். தனமும் கூட உட்கார்ந்து கட்டினாள். அவள் சரியாகிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த மாதிரி விஷயம் சரியாவதில்லை. 'ம்' போய் வார்த்தை வந்தது, அவ்வளவுதான். முளைப்பாரி கரைத்து, சாமி மலையேறி, காப்பு அவிழ்த்த மறுநாள் நாங்கள் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

மேலூர் தாண்டும்போது அவளே பேசினாள்.

"மெட்ராஸுக்கு ஏன் கேட்டேன் தெரியுமா?"

"கடல் பாக்க."

"கடல் சத்தமா இருக்கும்ல. அது முன்னால நின்னு கத்தி அழுதா யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சேன். நம்ம காம்பவுண்டுல அழுக முடியுமா? அம்புட்டு வீட்டுக்கும் கேக்கும். உங்களுக்கும் கேக்கும்."

"எனக்குக் கேட்டா என்ன தனம்?"

"நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் மதுரை வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆத்தாவிடம் சொல்லித்தான் பார்த்தார்கள். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதில் ஆத்தாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டுவிழாவுக்குப் பட்டிமன்றம் பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது பிறகு சரியாகவே இல்லை.

எண்பதுகளில், என் தம்பி மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போன பிறகு, ஒருவழியாகத் தனத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். தம்பி பிள்ளைகளும் வந்தார்கள். மணலைத் தாண்டி, அலை காலில் படுகிற இடம்வரை போய் நின்றாள். தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்படிப் பெரியம்மா இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் தனம். "எங்க மேலூர் மைக் செட்டுக்கு முன்னால இது ஒண்ணுமில்ல."

பிள்ளைகள் மணலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. குற்றால அருவிக்குப் போனாலும், இடி இடித்தாலும், யார் வீட்டுக் கல்யாணத்தில் நாதஸ்வரம் ஓங்கினாலும், 'மேலூர் மைக் செட்டுக்கு வருமா?' என்பார்கள். யாராவது லீவுக்கு ஊருக்குப் போகத் திட்டம் போட்டால், 'பெரியப்பாகிட்டக் கேட்டுக்கங்க, அங்க காப்புக் கட்டியாச்சான்னு' என்பார்கள். ஒயர்க் கூடையையும் இங்க் புட்டியையும் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைப்பார்கள். நானும் அதுவரை சொல்வேன்.

"அப்புறம் என்ன பெரியப்பா ஆச்சு?" என்று கேட்கும்போது தனம் என்னைப் பார்ப்பாள். "அப்புறம் என்ன, திருவிழா முடிஞ்சது, வந்தோம்" என்று சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன்.